டாஸ் கேம்கள்: டாஸ்பாக்ஸ் போதுமா, பழைய பெட்டியேதான் வேண்டுமா?

நாலாவதுபெஞ்ச்:
பரணைச் சுத்தம் செய்தபோது 2001-ல் நண்பன் எழுதிக் கொடுத்த சிடி ஒன்று அகப்பட்டது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ், டூம், இன்னும் ஏழெட்டு. லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி எல்லாவற்றையும் காப்பி செய்து பிரின்ஸைத் தட்டினால், இதை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்கிறது விண்டோஸ் 11. பழைய விண்டோஸ் போல ஓட்டும் கம்பாட்டிபிலிட்டி அமைப்பில் விண்டோஸ் 95 வரை இறங்கிப் பார்த்துவிட்டேன். மகளிடம் 'அப்பா காலத்து கேம்' என்று பெருமை வேறு பேசியாகிவிட்டது. மானத்தைக் காப்பாற்றுங்கள்.

கட்டளைவரி:
கம்பாட்டிபிலிட்டியால் ஒன்றும் ஆகாது சார். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் நிரல்களை ஓட்ட 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது. ப்ராசஸர் பழைய 8086 சிப் போல நடந்துகொள்ளும் வர்ச்சுவல் 8086 மோடை நம்பித்தான் அது ஓடியது. 64 பிட்டில் ஓடும்போது ப்ராசஸரிடம் அந்த மோடே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை.

டாஸ்பாக்ஸ் போடுங்கள். 2002-லிருந்து இருக்கிறது, இலவசம். ப்ராசஸர், விஜிஏ திரை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும். கேம்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, மவுன்ட் கட்டளையால் அதை டாஸ்பாக்ஸின் சி டிரைவாக ஆக்கிவிட்டுக் கேமின் பெயரை அடித்தால் வேலை முடிந்தது.

டர்போபட்டன்:
'நடித்துக் காட்டும்' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என்னிடம் டாஸ் காலத்து 486 டிஎக்ஸ்2-66 கணினி ஒன்றும் 14 அங்குல சிஆர்டி (பழைய குழாய்த் திரை) மானிட்டரும் இருக்கின்றன. கீயைத் தொட்டால் டேவ் குதிக்கிறான், நடுவில் ஒருவரும் இல்லை. டாஸ்பாக்ஸில் யூஎஸ்பி, விண்டோஸ், எல்சிடி என்று மூன்று தரகர்களைத் தாண்டித்தான் அவன் குதிக்க வேண்டும். இன்னொன்று: விஜிஏவில் 320×200 மோட் நொடிக்கு 70 தடவை திரையைப் புதுப்பிக்கும். உங்கள் லேப்டாப் 60. பக்கவாட்டில் ஓடும் கேம்களில் அந்தச் சின்ன விக்கல் கண்ணுக்குத் தெரியும்.

அரைவட்டு:
மகளுக்கு ஒரு கேம் காட்டக் கேட்டவரை மியூசியம் வைக்கச் சொல்கிறாரே அண்ணாச்சி!

மூலநிரல்:
எதற்கு நடிப்பு, எதற்கு மியூசியம்? டூமின் மூலநிரலை 1997 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். (அதுவும் லினக்ஸ் பதிப்பு. டாஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வெளியாரிடம் உரிமம் வாங்கியது என்பதால் அதைத் தர முடியவில்லை.) அன்றிலிருந்து எத்தனையோ பேர் அதைப் புது இயந்திரங்களுக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். பிரின்ஸுக்கு எஸ்டிஎல்பாப் இருக்கிறது. டாஸ் பதிப்பைப் பிரித்து மேய்ந்து சி மொழியில் திரும்ப எழுதியது. டபுள் கிளிக் செய்தால் ஓடும், எஃப்6-ல் சேமித்து எஃப்9-ல் திரும்பி வரலாம். குழந்தைகளுக்கு அதுதான் சரி.

கட்டளைவரி:
எஃப்6-ஆ? அசலில் மூன்றாவது லெவலிலிருந்துதான் சேமிக்கவே முடியும். அதிலும் லெவலின் தொடக்கமும் மிச்ச நேரமும் மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பதுதானே கேமே? ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் எஃப்6 அமுக்கினால் அப்புறம் என்ன மிஞ்சும்?

மூலநிரல்:
வேண்டாம் என்றால் அமுக்காதீர்கள். கூடுதல் வசதிகள், பிழைத் திருத்தங்கள் எல்லாவற்றையும் அமைப்பில் அணைத்தும் வைக்கலாம். டூமில் சாக்லேட் டூம் என்று ஒன்று இருக்கிறதே, அசலின் பிழைகளைக்கூட விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாற்றி எழுதியது என்றாலே கலப்படம் என்று நினைக்க வேண்டாம்.

டர்போபட்டன்:
மூலநிரல் தம்பி, அந்தச் சிடியில் உள்ள மீதி ஏழெட்டு கேமுக்கு யார் எழுதித் தருவார்?

கட்டளைவரி:
அதில் நான் அண்ணாச்சி பக்கம். ஆனால் 70, 60 கணக்கு இங்கே பொருந்தாது. பிரின்ஸ் நொடிக்கு 12 படங்களில்தான் நகர்கிறான். அவனுக்கு எந்த மானிட்டரும் போதும். அப்புறம், 486 வாங்கச் சொல்பவர் மதர்போர்டில் உள்ள பேட்டரியைப் பற்றிச் சொல்வதில்லை. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் உருளைகள் கசிந்து, பக்கத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பெட்டியைத் திறந்தால் பச்சைப் பாசி. ஃப்ளாப்பிகளில் பூஞ்சை. நான் இரண்டு போர்டுகளைப் புதைத்தவன்.

டர்போபட்டன்:
வாங்கியதும் பேட்டரியைக் கழற்றி வீசுவது முதல் பாடம். ஹார்டு டிஸ்குக்குப் பதில் ஐடிஈ அடாப்டரில் சிஎஃப் மெமரி கார்டு. எனக்கு இது ஆறு வருடமாக ஓடுகிறது.

அரைவட்டு:
டாஸின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக் சிஸ்ஸில் 640 கேபி நினைவகத்துக்குள் இடம் பண்ண விடிய விடிய உட்கார்ந்த கதையையும் சொல்லுங்கள் அண்ணாச்சி. மவுஸ் டிரைவரைத் தூக்கினால்தான் கேம் வரும், கேம் வந்தால் மவுஸ் இருக்காது.

நாலாவதுபெஞ்ச்:
டாஸ்பாக்ஸ் போட்டாயிற்று. பிரின்ஸ் ஓடுகிறது! இரண்டு சிக்கல். ஒன்று, இளவரசன் கொஞ்சம் குண்டாகி, குள்ளமாகத் தெரிகிறான். என் நினைவு தப்பா? இரண்டு, சிடியில் உள்ள ஒரு சின்ன கேம் திறந்தவுடன் 'ரன்டைம் எர்ரர் 200' என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. டூம் வேகமாக ஓட டாஸ்பாக்ஸின் வேக அமைப்பான சைக்கிள்ஸை மேக்ஸ் ஆக்கச் சொல்லி எங்கேயோ படித்து அப்படி வைத்தேன். அதனாலா?

கட்டளைவரி:
அதனாலேதான். அந்த கேமை டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதியிருப்பார்கள். தொடங்கும்போது, 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். ப்ராசஸர் வேகம் கூடினால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, உடனே வகுத்தல் பிழை. சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வந்த காலத்திலேயே நிஜ இயந்திரங்களிலும் இது வந்தது. சைக்கிள்ஸைப் பழையபடி ஆட்டோவில் விடுங்கள். ப்ராசஸரின் பழைய ரியல் மோடில் ஓடும் கேமுக்கு 3000 சைக்கிள், டூம் மாதிரிப் புதிய புரொடெக்டட் மோட் கேமுக்கு முழு வேகம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஓடும்போதே கூட்டக் குறைக்க கன்ட்ரோல் எஃப்12, எஃப்11.

டர்போபட்டன்:
உங்கள் நினைவு தப்பில்லை. 320×200 படத்தை நாங்கள் பார்த்தது 4:3 மானிட்டரில். அங்கே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் 1.2 மடங்கு. லேப்டாப் அதைச் சதுரப் புள்ளியாகக் காட்டுகிறது. இளவரசன் மட்டுமல்ல, வட்டமாக வரைந்த எல்லாமே அமுங்கிவிடும். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட்டை (அகல உயர விகிதத் திருத்தம்) ட்ரூ ஆக்குங்கள். 0.74 பதிப்பில் அதை ஃபால்ஸ் என்றுதான் வைத்துத் தருகிறார்கள். டாஸ்பாக்ஸ்காரர்களுக்கு இதுகூட உறுத்தவில்லை, பாருங்கள்.

மூலநிரல்:
கூடவே படத்தைப் பழைய திரை போலக் காட்டும் சிஆர்டி ஷேடர் ஒன்று போடுங்கள். கறுப்புக் கோடுகள் வந்தால் அப்படியே பழைய மானிட்டர்தான்.

டர்போபட்டன்:
அதைத்தான் செய்யக் கூடாது! இந்தக் கறுப்புக் கோடு டிவியில் ஆடும் வீடியோ கேம் பெட்டிகளின் அடையாளம். விஜிஏவில் 200 வரிகளையும் இரண்டிரண்டாக, 400 வரியாக வரைவார்கள். வரிகளுக்கு நடுவே இடைவெளி தெரியாது. என் சிஆர்டியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாலும் கோடு இல்லை. பார்க்காத காலத்துக்கு ஏங்கி ஒரு பழமையைத் தயார் செய்கிறீர்கள்.

மூலநிரல்:
சரி, இதில் தோற்றேன். ஷேடர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

அரைவட்டு:
இந்த இழையில் ஒருவர் வாபஸ் வாங்கிவிட்டார். பூட்டிவிடலாம்.

கட்டளைவரி:
இன்னொன்று. பிரின்ஸில் ஆரம்பத்திலேயே மருந்துக் குப்பிகள் நிறைந்த அறை ஒன்று வரலாம். கையேட்டின் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரியைப் பார்த்து அந்த எழுத்துள்ள குப்பியைக் குடி என்று கேட்கும். தப்பாகக் குடித்தால் உயிர் குறையும். அது காப்பி எடுப்பதைத் தடுக்க வைத்தது. எங்கள் லேபில் ஒருவர் எழுத்துப் பட்டியலைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார், கையேட்டை நாங்கள் எவரும் கண்ணால் கண்டதில்லை. பழைய கேம்களைக் காசு கொடுத்து வாங்க நினைத்தால் ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தில் பாருங்கள். 2008 முதல் பழைய கேம்களை டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கிறார்கள்.

நாலாவதுபெஞ்ச்:
ஆஸ்பெக்ட் மாற்றினேன், இளவரசன் மெலிந்துவிட்டான். சைக்கிள்ஸ் ஆட்டோ, எர்ரரும் போயிற்று. எஸ்டிஎல்பாப்பும் இறக்கி வைத்திருக்கிறேன், ஆனால் எஃப்6 விஷயத்தை மகளிடம் சொல்லவில்லை. மூன்றாவது லெவலில் எலும்புக்கூட்டோடு முக்கால் மணி நேரமாகச் சண்டை போடுகிறாள். வெட்டினால் அது சாகாது, விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கீழே விழவைக்க வேண்டும் என்பதையும் இன்னும் சொல்லவில்லை.

அண்ணாச்சி, அந்த 486-ஐ ஒருநாள் நேரில் வந்து பார்க்கலாமா?