டச் அண்ட் கோவுல (இறங்கி, நிக்காமலே திரும்ப ஏறுறது) விமானத்தோட மூக்கு தானா தூக்கிடுச்சு, என்ன பண்ணணும்?
அண்ணன்மாரே, செஸ்னா 172ல 22 மணி நேரம்தான் ஓட்டிருக்கேன். நேத்து டச் அண்ட் கோல லேண்டிங்குக்கு வச்ச நோஸ் அப் ட்ரிம்ம (மூக்க மேல புடிச்சு வைக்கற செட்டிங்) டேக்ஆஃப் நிலைக்கு மாத்த மறந்து ஃபுல் த்ராட்டில் குடுத்துட்டேன், 55 நாட்ஸ் வர்றதுக்குள்ளயே மூக்கு தூக்குது, யோக்க (ஸ்டீயரிங் மாதிரி இருக்குமே) ரெண்டு கையாலயும் தள்ளுறேன் அடங்கல, ஸ்டால் ஹார்ன் (இறக்கை தூக்குற சக்திய இழக்கப்போகுதுன்னு எச்சரிக்கறது) வேற ஊளையிடுது. பக்கத்துல இருந்த சார்தான் அமுக்கிப் புடிச்சு ட்ரிம் வீல மேல உருட்டினாரு. திட்டக்கூட இல்ல, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அடுத்த மாசம் சோலோ. தனியா இருக்கறப்ப இப்படி ஆச்சுன்னா ஒரு கையால தள்ளிட்டே ட்ரிம் பண்றதா, இல்ல பவர கொஞ்சம் குறைக்கறதா? ரன்வே மிச்சம் இருந்தா நிறுத்திடலாமா? ஃப்ளாப்ஸ் (இறக்கைக்குப் பின்னாடி இறக்கற பலகை) முதல்லயா ட்ரிம் முதல்லயா, நீங்கல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கறீங்க?