பாட்டும் விளம்பரமும் நம் பெண்பிள்ளைகளை என்ன செய்கின்றன? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை:
எங்கள் மாணவிகள் பலர் மினிபஸ்ஸில்தான் வருகிறார்கள். வழி முழுக்கப் பாட்டுச் சத்தம். கருத்த பெண்ணையோ குண்டான பெண்ணையோ கேலி செய்கிற வரி வந்தால் போதும், பின்சீட்டுப் பையன்கள் அதையே ஏறுகிற பிள்ளையைப் பார்த்துப் பாடுகிறார்கள். கேட்டால், "பாட்டைத்தானே படிச்சோம்" என்கிறார்கள். திட்ட நினைக்கிறவனுக்குப் பாட்டு வார்த்தையும் கொடுக்கிறது, தப்பிக்க வழியும் கொடுக்கிறது. ஒரு மாணவி அந்த பஸ்ஸையே விட்டுவிட்டாள். காலைச் சாப்பாட்டையும் நிறுத்தியிருக்கிறாள். வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

ஆலங்குளம் பக்கம், பீடி சுற்றுபவர்:
டீச்சர், எங்களுக்கு மடியில் சுளவு, பக்கத்தில் ரேடியோ. கை வேலை பார்க்கும், காது சும்மாதானே இருக்கும்? பாட்டு, நடுவில் சிவப்பழகு விளம்பரம், மறுபடி பாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பெண் பார்க்க வந்தவர்கள் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பீடிக் கூலியில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டாள். முதலில் முகம் நன்றாக வெளுத்தது. தெருவே மெச்சியது, நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் வெயிலில் நின்றால் எரிச்சல், கன்னமெல்லாம் சிவப்பு, பரு, தாடையில் முடி. ட்யூபைப் பார்த்ததும் தோல் டாக்டர், இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோல் மெலிந்துவிட்டது என்றார். நிறுத்தினால் இன்னும் எரியும், அதற்குப் பயந்தே திரும்பப் போடுவார்களாம். அவளும் அதைத்தான் செய்திருக்கிறாள். இருபது வயசுதான் டீச்சர். இன்றைக்கும் துப்பட்டாவால் முகத்தை மூடித்தான் பீடிக் கடைக்கு வருகிறாள்.

அம்பாசமுத்திரம், செவிலியர்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத சில கிரீம்களில் பாதரசம் இருக்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால்தான் தோல் வெளுக்கிறது. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படி எதையாவது பூசுகிறவருக்கு முகம், கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ ட்யூபையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சேரன்மகாதேவி, கல்யாண ஆல்பம் செய்பவர்:
"அண்ணாச்சி, பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க" என்பது எனக்குப் பழகிப்போன பேச்சு. மாப்பிள்ளையை வெளுப்பாக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இது நான் இல்லையே" என்று கண்கலங்கினாள். இப்போதெல்லாம் பெண்ணிடம் கேட்காமல் நிறத்தில் கை வைப்பதில்லை.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை:
படிக்கவே வருத்தமாக இருக்கிறது. நிறம் குறைந்தவர்களை அழகில்லாதவர்களாகவோ, கல்யாணத்திலும் வேலையிலும் பின்தங்கியவர்களாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இலேயே நெறிமுறை வகுத்தது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைப் பற்றி வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் அவ்வளவு பேசினார்கள். ஆனால் பஸ்ஸுக்குள் எந்த நெறிமுறை வரும்?

ஆலங்குளம் பக்கம், பீடி சுற்றுபவர்:
அந்த டிரைவரிடம் பேசினீர்களா டீச்சர்?

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை:
பேசினோம் அக்கா. அந்த மாதிரிப் பாட்டை இனி போடுவதில்லை என்றார், சொன்னபடியே இருக்கிறார். பின்சீட்டுப் பையன்களில் பாதிப் பேர் எங்கள் கல்லூரிதான். வெள்ளிக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம், பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.