புதுப்பிப்பு: 'கம்ரி' என்றால் மலைநாடு இல்லை

போன வாரம் இந்த இழையில், வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் 'கம்ரி' என்ற பெயருக்கு 'மலைநாடு' என்று பொருள் எழுதியிருந்தேன். அது தவறு. மன்னிக்கவும், திருத்திக்கொள்கிறேன்.

வேர், ஆங்கிலம் வருவதற்கு முன்பே பிரிட்டனில் பேசப்பட்ட பழைய பிரித்தானிய மொழிச் சொல்லான 'கொம்ப்ரோகி'. 'கொம்' என்றால் சேர்ந்து; 'ப்ரோக்' என்றால் நிலம், எல்லை. ஆக, ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள், நம் ஊர்க்காரர்கள் என்று பொருள். இன்றைய வேல்ஸ் மொழியில் வட்டாரத்தைக் குறிக்கும் 'ப்ரோ' அதே வேரில் வந்ததுதான். நாட்டுக்கும் மக்களுக்கும் ஒரே உச்சரிப்பு. எழுத்தில் மட்டும் கடைசி உயிரெழுத்து மாறும். அந்த வேறுபாடும் பிற்காலத்தில் நிலைத்ததே. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் இந்தக் குடும்பம்தான்.

சரி, 'வேல்ஸ்' எங்கிருந்து வந்தது? என்னை மிகவும் உறுத்தியது இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'வெயால்ஹ்' என்றால் அந்நியன். பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலேயரின் முன்னோர், முன்பே அங்கு வாழ்ந்தவர்களை அந்நியர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே உலக வரைபடத்தில் நின்றுவிட்டது. கார்ன்வாலின் 'வால்', பெல்ஜியத்தின் வலோனியா, 'வால்நட்' என்பதன் முதல் பாதி எல்லாம் அதே வேர். வால்நட் என்றால் அந்நிய நாட்டுக் கொட்டை!

அப்புறம், பாறை அடுக்குகளைப் படிப்பவர்களுக்குத் தெரிந்த 'கேம்ப்ரியன்' காலமும் இங்கிருந்து போனதே. கம்ரியின் லத்தீன் வடிவமான 'கேம்ப்ரியா'விலிருந்து 1835இல் நிலவியல் அறிஞர் ஆடம் செட்ஜ்விக் வைத்த பெயர் அது.

மேலே உள்ள பழைய பதிவிலும் பொருளை மாற்றிவிட்டேன்.