தாதியர் சொன்னதை மேலிடம் கேட்டதா? மலையகத்தவர் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பொகவந்தலாவைத் தாதி

கர்ப்பிணி கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறுவதில்லை. தோட்டப் பக்கம் வேலை செய்த எல்லோருக்கும் இந்தத் தலைவலி தெரியும். மாதாந்தக் கூட்டத்தில் அந்தக் கணக்கைத் திரையில் போட்டார்கள். "தோட்டப் பெண்கள் மாத்திரையை விழுங்குவதில்லை, வீசிவிடுகிறார்கள்" என்று தலைமை தாங்கிய வைத்தியர் முடிவு கட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார். அப்போது ஓய்வுபெறும் வயதை நெருங்கிய எங்கள் பொறுப்புத் தாதி எழுந்தார்.

"வீசவில்லை சேர். விடிய எழுந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில், தேத்தண்ணீரோடு விழுங்குகிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்."

தேயிலையில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பது அங்கிருந்த அனைவரும் படித்ததுதான். ஆனால் எதோடு விழுங்குகிறாய் என்று அந்தப் பெண்களிடம் கேட்டவர் அவர் ஒருவரே. அதற்குப் பிறகு எங்கள் பகுதிக் கிளினிக்குகளில், இராச்சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன் தண்ணீரோடோ தேசிக்காய்ச் சாற்றோடோ விழுங்க வேண்டும், அந்த நேரத்தில் தேத்தண்ணீர் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லும் ஒழுங்கு வந்தது. கூட்ட அறிக்கையில் "தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தது. யார் சொல்லித் தீர்மானித்தார்கள் என்று இல்லை. அந்த வரி இன்னும் என்னை உறுத்துகிறது.

லிந்துலை மகள்

எங்கள் கதையில் மேலிடம் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பிரஷர், சீனி இரண்டும் உண்டு. கிளினிக் வார நாளில்தான். காலையில் போய் வரிசையில் நின்றால் மருந்து கைக்கு வர மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய பேர், அதாவது அந்த நாளின் சம்பளம், போய்விடும். 2021இல் நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்கினார்கள். அந்த நாட்களில் இலவச மருந்துக்காக எங்கள் வீடு கொடுத்த விலை மாதம் 1000 ரூபாய். கொழுந்து நிறைய இருக்கும் மாதங்களில் அம்மா கிளினிக்குக்குப் போகவே மாட்டார்.

ஒருநாள் ஒரு தாதி மிஸ் உள்ளேயிருந்து வெளியே வந்து, வரிசையின் நடுவில் நின்று, "இன்று யார் யாருக்குப் பேர் இல்லை?" என்று சத்தமாகக் கேட்டார். முதலில் ஒருவரும் கையை உயர்த்தவில்லை. அம்மா உயர்த்தினார். பிறகு வரிசை முழுவதும் உயர்த்தியது. மிஸ் ஒரு எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எண்ணி எழுதிக்கொண்டு உள்ளே போனார். நாளை மாற்ற வேண்டும், அல்லது மருந்தைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். கிளினிக் இன்றும் அதே நாளில்தான் நடக்கிறது.

கண்டி, ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்

முதலில் எழுதிய தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியது கொள்கை மாற்றம் அல்ல, ஒரு பகுதியின் நடைமுறை. கொள்கை என்றால் அமைச்சின் சுற்றுநிருபம் வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரத்தின் பெரும் பகுதி மாகாணத்திடமும் இருக்கிறது. ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதே பாதி வேலை.

என் அனுபவம் சிறியது. நான் வேலை செய்த அலுவலகத்துக்கு ஒரு தாதி தன் குறிப்புக் கொப்பியோடு வந்தார். வைத்தியசாலை விடுதியில் இரவில் நடப்பவற்றை எல்லாம் எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதனால் சொல்கிறேன், கொப்பியாகக் கொண்டுபோகாதீர்கள். ஒரே பக்கக் கடிதமாக்குங்கள். முதல் பந்தியில் பிரச்சினை, அடுத்ததில் கணக்கு, கடைசியில் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு செலவு. செலவே இல்லையென்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள், அதிகாரி மேலும் படிப்பார். தாதிய பரிபாலகர் ஊடாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள், பிரதி ஒன்றை மாகாணப் பணிப்பாளருக்கும் போடுங்கள். ஒப்புதல் முத்திரை வாங்காமல் கடிதத்தைக் கையளிக்காதீர்கள். பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள். "பலர்", "அடிக்கடி" என்று எழுத வேண்டாம். எத்தனை பேர், எந்த மாதம் என்று எழுதுங்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரிலிருந்து திரும்பியதும் செய்தது இதைத்தான். படையினர் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே அதிகம் இறந்தார்கள் என்பதை 1858இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளரின் முன்னால் வைத்தார். நமக்கு அவருடைய கைவிளக்கு மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. லிந்துலை மகள் சொன்ன அந்த எக்ஸ்ரே உறையில் திகதி இருந்ததா? கையொப்பம் இருந்ததா?

பசறை ஆண் தாதி

ஐயா, உறையில் திகதி இருந்ததா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. வரிசையில் நின்றவர்கள் கை உயர்த்தினார்கள். அதைக் கோப்பாக்குவது சம்பளம் வாங்கும் உங்களைப் போன்றவர்களின் வேலையாக இருந்தது.

2017 மே 12, தாதியர் தினத்தன்று, டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்தார்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை எல்லா மாகாணங்களுக்கும் வரும் என்ற அறிவிப்பும் அன்றே நோர்வூட் கூட்டத்தில் வந்தது. சொன்னபடி வந்தது, பல உயிர்களைக் காத்தது. ஆனால் தோட்டத்தில் மலை மேலே உள்ள பிரிவான மேல் டிவிஷனுக்கு ரோட்டு இல்லையே. நான் இரவுக் கடமையில் இருந்தபோது ஒரு தாயைக் கம்பளியில் கிடத்தி, நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்து, மழையில் கீழ் ரோட்டு வரை இறக்கி, அங்கிருந்து அம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கம்பளியைப் பிழிந்தால் தண்ணீர் ஊற்றும் நிலை. குழந்தையின் தலை வெளியே தெரிந்தது. அவளுடைய கணவர் என்னிடம் முதலில் சொன்னது, "இரண்டு தரம் வழுக்கிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் சேர்." யாரிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வார்ட் சிஸ்டர், மேல் டிவிஷன் கர்ப்பிணிகளின் பெயரும் பிரசவத் திகதியும் கொண்ட பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். திகதி நெருங்கினால் வலி வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே அனுமதிக்கும்படி வைத்தியரைக் கேட்டு இணங்கவைத்தார். அவர் இருந்தவரை கம்பளியில் யாரும் வரவில்லை. அவருக்கு இடமாற்றம் வந்தது, பட்டியலும் நின்றது. எழுத்தில் ஒரு சுற்றுநிருபம் இருந்திருந்தால் நின்றிருக்காது. அந்த ஓர் இடத்தில் கண்டி ஐயா சொல்வது சரி.

பிள்ளை மடுவப் (தோட்டக் குழந்தைக் காப்பகப்) பொறுப்பாளர், தலவாக்கலை

எல்லோரும் தாதி, தாதி என்று எழுதுகிறீர்கள். மிட்வைஃப் எங்கே? உலக சுகாதார நிறுவனம் 2020ஐத் தாதியருக்கும் மருத்துவமாதர்களுக்கும் சேர்த்துத்தானே அறிவித்தது? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நடந்து வருபவர் அவர்தான்.

2016ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அந்த ஆய்வு எப்போதாவது ஒருமுறை வரும். மாதந்தோறும் பிள்ளையைத் தராசில் வைப்பவர் மிட்வைஃப். எங்கள் மிட்வைஃப் ஒரு பிள்ளையின் அட்டையில் கோடு கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு, என்னைத் திட்டாமல், தாய் எந்த மலையில் கொழுந்தெடுக்கிறாள் என்று கேட்டார். மடுவத்திலிருந்து தூரமான மலை. பால் கொடுக்க வந்து திரும்பினால் அவள் எடுக்கும் கொழுந்தின் நிறை குறையும். அவர் நேரே கங்காணியிடம் நடந்து போய், பால் கொடுக்கும் தாய்மாரைக் கிட்டிய மலைக்குப் போடச் சொன்னார். கங்காணி முறைத்தார், ஆனால் போட்டார். இது எந்த அமைச்சின் கொள்கை என்று கண்டி ஐயா சொல்லட்டும்.

பொகவந்தலாவைத் தாதி

மிட்வைஃபை விட்டது சரியில்லை அக்கா, ஏற்றுக்கொள்கிறேன். கண்டி ஐயா, மாத்திரை விடயத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதப் போகிறேன். பொறுப்புத் தாதியின் பெயர் முதல் பந்தியிலேயே இருக்கும். பசறைத் தம்பி, அந்தச் சுவர்ப் பட்டியலில் வேறு என்ன நிரல்கள் இருந்தன? எங்கள் பக்கமும் மேல் டிவிஷன்கள் இருக்கின்றன.

பசறை ஆண் தாதி

டிவிஷன், பிரசவத் திகதி, எத்தனையாவது பிள்ளை, கீழ் ரோட்டுக்கு நடக்க எடுக்கும் நேரம். கடைசி நிரலில், அந்த லயத்தில் தொலைபேசிச் சிக்னல் எங்கே நின்றால் கிடைக்கும் என்று சிஸ்டர் குறித்திருந்தார். அதை விட்டுவிடாதீர்கள் அக்கா.