மாசச் சாமான் ஒரே தடவையா வாங்கணுமா, அப்பப்ப வாங்கணுமா?

கவி_மதுரை:
நாங்க ரெண்டு பேரு, மூணாவது படிக்கிற பையன் ஒருத்தன். பால், கேஸ் போக மளிகைக்கும் காய்கறிக்கும் மாசம் 5000 தான் ஒதுக்க முடியுது. ஒன்னாந்தேதி சூப்பர் மார்க்கெட்ல மொத்தமா வாங்குனா மிச்சமாகும்னு அக்கா சொன்னா, மூணு மாசமா அப்படித்தான் வாங்குறேன், ஆனா 20ம் தேதிக்கே கை காலி.

கணக்குப்பிள்ளை:
மொத்தமா வாங்குறதுதான் சரிம்மா, லிஸ்ட்ல இல்லாதத கூடையில போடுறதுதான் தப்பு. அண்ணாச்சி கடையில 10 ரூபா பாக்கெட்டா மல்லித்தூள் வாங்குனா கிலோவுக்கு எவ்வளவு வருதுன்னு பெருக்கிப் பாருங்க. எண்ணெய்லயும் கவனம், ஒரு லிட்டர்னா சுமார் 910 கிராம் இருக்கும், பக்கத்துலயே அதே உயரத்துல 800 கிராம் பாக்கெட்டும் வச்சிருப்பாங்க, அவசரத்துல எடுத்துட்டு வந்துருவோம்.

செல்லூர்_தறி:
மொத்தமா வாங்க மொத்தமா காசு வேணும்ல சார். எனக்கு சனிக்கிழமைக்கு சனிக்கிழமை கூலி. 2020 லாக்டவுன்ல தறி ஓடல, அண்ணாச்சி நோட்டுல எழுதிக்கிட்டு சாமான் குடுத்தாரு, அதனாலதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. எந்த சூப்பர் மார்க்கெட்ல நோட்டு போடுவான்?

கணக்குப்பிள்ளை:
அந்த உதவிய நான் குறை சொல்லல தம்பி. ஆனா கடன் நின்னா அந்தக் கடைய விட்டு வேற கடைக்கு போக முடியாது, அவர் சொல்றதுதான் விலை. எங்கப்பா காலம் பூரா அப்படித்தான் கட்டுனாரு.

ராஜி_அக்கா:
ரெண்டு பேருமே ரேஷன விட்டுட்டீங்களே. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம். வெளிய அதே பருப்பு நூறத் தாண்டிருச்சு. புழுங்கலரிசி சோத்துக்கு பிடிக்கலன்னா இட்லிக்கு ஊறப்போடுங்க, நாலுக்கு ஒன்னு உளுந்து, நல்லா வருது. மாவு பாக்கெட் வாங்குற காசு அப்படியே மிச்சம். அப்புறம், களையும்போது மிதக்குற அரிசிய பிளாஸ்டிக்னு பொறுக்கி கொட்டாதீங்கப்பா, அது இரும்புச்சத்தும் பி12ம் சேத்த அரிசி, நூத்துக்கு ஒன்னுன்னு கலந்தது.

கணக்குப்பிள்ளை:
பருப்பு சரி, பாமாயில் மட்டும் எனக்கு ஒப்பல. கிட்டத்தட்ட பாதி கெட்டியாகுற கொழுப்பு, தினம் அதுலயே சமைக்கலாமா?

ராஜி_அக்கா:
தினம் யாரு சொன்னா? அப்பளம், வடைக்கு அது, தாளிக்க கடலெண்ணெய் அரை லிட்டர். கவி, காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தைக்கு போம்மா, 1999ல முதமுதல்ல திறந்ததே அதான். விலை போர்டுல எழுதியிருக்கும், காலைல ஏழு மணிக்குள்ள போனா நல்ல காய் கிடைக்கும்.

கவி_மதுரை:
போன மாச பில்ல எடுத்து பாத்தேன். பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ், ஆஃபர்ல வாங்குன ரெண்டு பாட்டில் ஷாம்பு மட்டும் 1340 ரூபா. பருப்பு, புளி, மிளகா மட்டும் ஒன்னாந்தேதி, காய் வாரத்துக்கு ரெண்டு தடவ சந்தையில, இந்த மாசம் இப்படி ஓட்டிப் பாக்குறேன்.

செல்லூர்_தறி:
நல்லதுக்கா. ஆனா மாச சம்பளம் வர்றதால உங்களால இத செய்ய முடியுது. வாரக்கூலிக்காரன் ஒரு கிலோ மிளகா வாங்குனா அந்த வாரம் பருப்பு வாங்க முடியாது, எனக்கு இன்னும் நோட்டுதான்.