டிசம்பர் வந்தால் ஸ்டீல் கிடார் திண்ணைக்கு வரும்: கன்ட்ரி இசைக்காரர்களோடு பழகியவர்களின் அனுபவங்கள்

நாஷ்வில், டென்னசி

எட்டு வருடங்களாக நாஷ்வில்லின் மேடிசன் பகுதியில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பெடல் ஸ்டீல் கிடார் வாசிப்பவர். எழுபதைத் தாண்டியவர், கறுப்பினத்தவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்பகுதிக் கிராமங்களில் வேர்விட்ட இசை. அந்த இசைக்காரர்களோடு நேரில் பழகியவர்கள் இங்கே இருந்தால் நீங்களும் எழுதுங்கள். நான் முதலில் தொடங்குகிறேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த நாதம் கோட்டுவாத்தியம்! சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தஞ்சாவூரில் தாத்தா வீட்டு வானொலியில் கேட்ட அதே குழைவு. ஒரு சுரம் இன்னொன்றுக்கு எட்டி வைத்துப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் போக்கு. தொட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். என்னைக் கண்டதும் அவரே உள்ளே கூப்பிட்டார்.

கிடார் என்றால் மேசை மாதிரி இருந்தது. இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துத் தந்தி. இடது கையில் எஃகு உருளை, வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் மீட்டு நகங்கள், கீழே கால் பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். நான் கோட்டுவாத்தியத்தைப் பற்றிச் சொல்லி, கைபேசியில் ஒரு கச்சேரியைக் காட்டினேன். இருபது நிமிடம் வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: “கையில் வைத்திருப்பது என்ன?” கருங்காலிக் கட்டை என்றேன். அடுத்த வாரம் போனால், உடைந்த சுத்தியல் பிடியை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதைத் தந்திமேல் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃகின் பளபளப்பு போய், சத்தம் அடங்கி, தொண்டை கட்டியவர் பாடுவதைப் போல இருந்தது. அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவர் இந்த வாத்தியத்தைக் கற்றது மேடையில் அல்ல, கோயிலில். ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பினத் திருச்சபையில் 1930களிலிருந்து ஆராதனைக்கு ஸ்டீல் கிடார் வாசிக்கும் வழக்கம் உண்டு. அதன் ஒரு பிரிவுக்குத் தலைமையிடமே நாஷ்வில்தான். ஞாயிறு காலை அங்கே, சனி இரவு கன்ட்ரி விடுதிகளில். நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்காரர், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாராம், முகம் தெரியாமல். “வாசித்தேன். வாடகை கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அன்று வாசித்ததைப் போல அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை” என்றார். சொல்லும்போது குரல் உயரவில்லை, ஆனால் கையிலிருந்த உருளையைக் கீழே வைத்துவிட்டார்.

‘அசல் கன்ட்ரி’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. “எந்தப் பகுதி அசல் என்று கேட்பேன்” என்பார். பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வழி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைகளில் உருவானது. பிடில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களோடு வந்தது. கேட்டவுடனே கன்ட்ரி என்று எல்லோரும் சொல்லும் இந்த வழுக்கும் நாதமோ ஹவாய்த் தீவுக்காரர்கள் தந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற ஹவாய் இளைஞர் கிடாரை மடியில் படுக்கவைத்து எஃகுத் துண்டால் வாசித்துப் பரப்பியது. அங்கிருந்து அமெரிக்கா முழுக்கப் போயிற்று.

டிஃபோர்ட் பெய்லியைப் பற்றிச் சொல்லாமல் அவர் ஒரு மாலையையும் முடித்ததில்லை. 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் வானொலியில் வரும் கன்ட்ரி இசை நிகழ்ச்சிக்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற பெயர் வாய்த்த அதே இரவில், ரயில் ஓடுவதை மவுத் ஆர்கனில் வாசித்துக் காட்டியவர் பெய்லி. சிறுவயதில் போலியோ தாக்கிய, ஒல்லியான கறுப்பின மனிதர். நாடெங்கும் அவர் வாசிப்பைக் கேட்டார்கள். ஆனால் குழுவோடு ஊர் ஊராகப் போகும்போது, மற்றவர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு இடம் கிடையாது. 1941இல் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். அதன்பின் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982இல் காலமானார். கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் 2005இல்தான் சேர்த்தார்கள்.

இனி டிசம்பருக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் பாடல்களை இங்கே பெரும்பாலும் கோடையில் பதிவு செய்கிறார்கள், டிசம்பருக்குள் கடைக்கு வர வேண்டுமே. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பதிவுக்கூடமான ஸ்டுடியோ பி-க்குப் போனால் சிவப்பு, நீலம், பச்சை விளக்குகளைக் காட்டுவார்கள். 1971 மே மாதத்தில் எல்விஸ் பிரெஸ்லி கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாட வந்தபோது, அந்த மனநிலை வரட்டும் என்று போட்டவை என்று சொல்லிக் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ஜூலை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசித்த பதிவுகள் உண்டாம். “பனியை நினைத்துக்கொண்டு வாசி என்பார்கள். நான் என் அம்மா சுட்ட சோள ரொட்டியை நினைத்துக்கொள்வேன்” என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, ஸ்டீல் கிடாரின் கால்களில் சின்ன விளக்குச் சரத்தைச் சுற்றி, வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார். தெருவில் உள்ளவர்கள் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் போட்ட காரக் குழம்பு கொதிக்கும். மூன்றாவது வருடம் என் மனைவியைப் பாடச் சொன்னார். மார்கழி பிறந்திருந்தது. அவள் ‘மார்கழித் திங்கள்’ பாடினாள், வீட்டில் பாடும் அதே நாட்டையில். தொடங்கும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உங்கள் ஒன்று எது?”

நாஷ்வில் கலைஞர்கள் சுருதிக்குப் பெயர் சொல்வதில்லை, எண்தான். பாடுபவரின் ஆதார சுரம் ‘ஒன்று’. மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்கு. பாடகர் சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் எழுதிய தாள் மாறாது. 1950களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக்குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கி வைத்த முறை. என் மனைவி சட்ஜத்தைப் பிடித்துக் காட்டினாள். அவர் ஒன்றையும் ஐந்தையும் மட்டும் மெல்ல நீட்டி ஒலிக்கவிட்டார். தம்புரா வந்துவிட்டது! இரண்டாவது அடியில், காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு ஏறும் அரைப்படி அவருடைய ஒரு பெடலை மிதித்தாலே கிடைத்துவிடும் என்று கண்டுகொண்டார். அவள் ஏறும் இடங்களில் எல்லாம் அவர் கால் மிதித்தது. ‘நேரிழையீர்’ வரும்போது திண்ணையில் ஒருவர்கூட அசையவில்லை.

பெரம்பூர், சென்னை

நாஷ்வில் நண்பருக்கு நன்றி. எனக்குத் தெரிந்த கன்ட்ரி இசைக்காரர் அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காதவர்.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை பொன்மலைக்கு வந்தபோது குடும்பம் குடும்பமாக ஆங்கிலோ இந்தியர்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். பகலில் ஃபிட்டர். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கிடார். பாடுவது அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாடல்கள்தான். இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு, வரிகளை ரயில்வே டயரியில் பென்சிலால் எழுதிவைத்துக் கற்றவை. சுருதி மாற்ற கேப்போ வாங்க வசதியில்லை. கிடார் கழுத்தில் பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுவார். எழுதிய அதே பென்சில்.

1964 ஜூலை 31இல் ஜிம் ரீவ்ஸ் தானே ஓட்டிய சிறு விமானம் புயலில் சிக்கி, நாஷ்வில் பக்கத்தில் விழுந்தது. அந்தச் செய்தி கேட்ட நாளை அங்கிள் தன் வீட்டு இழவைப் போலச் சொல்லுவார். ரீவ்ஸ் போய் அத்தனை வருடமாகியும் பொன்மலைக் கிறிஸ்துமஸ் அந்தக் குரல் இல்லாமல் விடிந்ததில்லை. இருபதாம் தேதி வாக்கில் குல்குல், ரோஸ் குக்கி சுடும் வாசனை (நம் அச்சுமுறுக்கின் தங்கைதான்). தீபாவளிக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய தட்டு அப்போதுதான் பலகாரத்தோடு திரும்பி வரும், காலித் தட்டாக ஒரு வருடமும் வந்ததில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம். அங்கிள் அன்று மட்டும் கோட்டு போடுவார்.

ஒரு தடவை கேட்டேன்: “அங்கிள், நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இந்தப் பாட்டு?” சுத்தமான பொன்மலைத் தமிழில் பதில் சொன்னார்: “தம்பி, இதில் பாடுகிறவன் எப்போதும் வீட்டைவிட்டுத் தூரத்தில் இருக்கிறான். எங்கள் ஆட்களைப் பார். அண்ணன் பெர்த்துக்குப் போனான், தங்கை மெல்போர்னுக்குப் போனாள். நான் வீட்டிலேயே இருக்கிறேன். வீடு என்னைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.”

இதைக் கேட்டபோது எனக்குப் பதினைந்து வயது. புரியவில்லை. இன்று என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில்.

டல்லாஸ், டெக்சாஸ்

மேலே இருவரும் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறு குறிப்பு. எங்கள் அலுவலக இரவுக் காவலர், கறுப்பினத்தவர், வார இறுதிகளில் கன்ட்ரி பாடுகிறவர். சார்லி பிரைடின் படம் அவர் மேசையில் இருக்கும். மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்ற ஊரில் 1934இல் பிறந்து, பருத்தி எடுத்து, பேஸ்பால் ஆடி, மொன்டானாவில் உலோக உருக்காலையில் உழைத்து, பிறகு பாட வந்தவர் பிரைட். 1966இல் முதல் இசைத்தட்டுகளை அவர் புகைப்படம் இல்லாமலே வெளியிட்டார்கள். டெட்ராய்டில் பெரிய அரங்கத்தில் பெயரை அறிவித்ததும் கைதட்டல், ஆள் மேடைக்கு வந்ததும் மௌனம். பாட ஆரம்பித்த பிறகு கைதட்டல் திரும்பி வந்தது. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் அவரே. 2020 டிசம்பர் 12 அன்று கொரோனாவால் இங்கே டல்லாஸில் இறந்தார்.

அந்த இரவு நான் பணியில் இருந்தேன். காவலர் 1970இல் பிரைட் வெளியிட்ட கிறிஸ்துமஸ் தொகுப்பிலிருந்து ஒவ்வொரு பாட்டாக, வரவேற்பறையில், யாரும் இல்லாத கட்டடத்தில் பாடிக்கொண்டே இருந்தார். நான் கணினியை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வின்ஸ்டன்-சேலம், வட கரோலினா

நான் எழுதப்போவது மலைக்காரர்களைப் பற்றி. நகரத்து கன்ட்ரிக்கு இவர்கள் பாட்டனார்கள்.

என் மகள் எட்டு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். சர்ரி (Surry) மாவட்டத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் அப்பா பழைய பாணி பிடில் வாசிப்பவர். அங்கே கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு முடிவதில்லை. 1752இல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றிய பிறகும் மலைக்காரர்கள் பழைய நாட்காட்டிப்படி வரும் கிறிஸ்துமஸை விடவில்லை. ஜனவரி 6 வரைக்கும் கொண்டாட்டம். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. அறைகளிலிருந்த கட்டில், மேசை எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு அறைகளுக்கும் நடுவாசலில் பிடில்காரரும் பாஞ்சோகாரரும் உட்கார, இரு பக்கமும் ஆட்டம். இதற்கு ‘கிறிஸ்துமஸைக் கலைப்பது’ என்று பெயர். அதே பெயரில் ஒரு பிடில் மெட்டும் உண்டு. இப்போது அந்த அளவுக்கு இல்லை. இந்தக் குடும்பம் வருடத்துக்கு ஓர் இரவாவது நடத்துகிறது.

எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர் முகவாயில் பிடிலை வைக்காமல் மார்பில் சாய்த்து வைத்திருந்தார். என் மகள் நேராகப் போய்த் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினாள். ஆட்டம் நின்றுவிட்டது. யாரோ செல்போனை எடுத்தார்கள். பெரியவர் கையைக் காட்டி அதை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அவளுக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “தந்தி எப்படிக் கட்டியிருக்கிறாய், அம்மா?”

அவள் நான்கையும் மீட்டிக் காட்டினாள்: ச, ப, ச, ப. பெரியவர் தன் பிடிலை மீட்டினார். அதே! கொஞ்சம் உயரத்தில், அதே ச, ப, ச, ப. பழைய மெட்டுகளுக்கு அவர் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் கட்டுகிறார்களாம். பள்ளிக்கூடத்து வயலின் ஆசிரியர் ஒருவர் இது தப்பு என்று சொல்லி அவருடைய பேரனைத் திருத்தியிருக்கிறார். “இதை அவனிடம் நீ சொல்” என்று பேரனைக் கூப்பிட்டு என் மகளுக்கு முன்னால் உட்காரவைத்தார்.

பிறகு பிடிலைக் குலுக்கிக் காட்டினார். உள்ளே ஏதோ உருண்டது. கிலுகிலுப்பைப் பாம்பின் வால் கிலுக்கு. காய்ந்தது. போட்டால் நாதம் நன்றாக வரும் என்று மலையில் ஒரு நம்பிக்கை. என் மகள் பயப்படவில்லை, எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

நாஷ்வில், டென்னசி

ச-ப-ச-ப விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன், அக்கா. இரண்டு முறை சொல்லச் சொன்னார். பொன்மலை அங்கிள் சொன்னதையும் சொன்னேன். “அவர் வீடு எது என்று கேட்டாயா?” என்றார். பெரம்பூர் ஐயா, உங்களிடம் அந்தப் பதில் இருந்தால் எழுதுங்கள்.

இந்த வருடம் அவருக்கு விரல் மூட்டுகளில் வலி. எஃகு உருளை கனக்கிறது என்கிறார். என் தம்பி டிசம்பர் பதினெட்டாம் தேதி ஊரிலிருந்து வருகிறான். தஞ்சாவூரில் வாத்தியம் செய்பவரிடம் சொல்லி, கருங்காலிக் கட்டை ஒன்று கடைந்து வாங்கிவைத்திருக்கிறான். பெட்டியில் போட வேண்டாம், கையோடு கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். இவர் இப்போதே கிடார்ப் பெட்டியின் ஓரத்தில் அதற்கென்று பச்சை வெல்வெட் துணி ஒட்டி ஒரு பள்ளம் செய்துவைத்துவிட்டார். நேற்று மாலை போனபோது, அந்தப் பள்ளத்தில் தற்சமயத்துக்குச் சுத்தியல் பிடி இருந்தது.