ஆற்று மக்களைப் படமெடுக்கப் போனபோது

நம் சமூக மன்றப் புகைப்படக் குழுவில் பலருக்கு மேக்கோங் பக்கம் போகும் ஆசை இருப்பதால் இதை எழுதுகிறேன். திபெத் பீடபூமியில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு ஓடும் ஆறு அது. முழுவதையும் படமெடுக்க ஓர் ஆயுள் போதாது. நான் கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியைத்தான் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறேன்.

மழைக்காலத்தில் மேக்கோங் பெருகும்போது, தலைநகர் நோம்பென்னில் அதோடு சேரும் டோன்லே சாப் ஆறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடத் தொடங்கும். வறண்ட மாதங்களில் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி ஐந்தாறு மடங்கு விரியும். அதனால் கம்போங் புலுக் கிராமத்தில் வீடுகள் உயரமான மரக்கால்களில் நிற்கின்றன. பிள்ளைகள் ஓடி விளையாடிய தெருவிலேயே சில மாதம் கழித்துப் படகு போகும்.

அங்கே ஒரு பாட்டி மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அருமையாக இருந்தது. கேமராவைத் தூக்கியதும் கையை நீட்டித் தடுத்தார். படகோட்டித் தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபம் போல என்று நினைத்து நான் கிளம்பப் பார்த்தேன். “இருங்க, சட்டை மாத்தப் போயிருக்காங்க” என்றான் தம்பி. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து சாமி மாடத்தின் முன்னால் நேராக நின்றார். மீன் வாடை வீசும் அந்தத் திண்ணையில் எடுக்க வேண்டாமாம். கையிலிருந்த சின்னப் பிரிண்டரில் அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தேன். அப்புறம் பக்கத்து வீடுகள் எல்லாம் வரிசையில் வந்துவிட்டன!

அன்றிலிருந்து முதலில் அவர்கள் கேட்கும் படத்தைத்தான் எடுக்கிறேன். பெயரைக் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழிலேயே குறித்துக்கொள்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1862-இல் நம் சிங்கப்பூருக்கு வந்து ஸ்டூடியோ வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன். 1866-இல் அங்கோர் வாட் போய், அதன் முதல் புகைப்படங்களை எடுத்தவர் அவரே. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம். காட்டுக் காய்ச்சலோடு அதைச் செய்திருக்கிறார், பெரிய சாதனைதான். ஆனால் அவர் படங்களில் மன்னருக்குப் பெயர் இருக்கிறது. சாதாரண ஜனங்களில் பெரும்பாலோர் பெயரில்லாமலே நிற்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம்.

இன்னொன்று. வீட்டுத் தூண்களில் தண்ணீர் விட்டுப்போன கறையைப் படமெடுங்கள். 2019-இல் மழையும் தாமதம், மேக்கோங்கின் மேல்பகுதியில் உள்ள அணைகளும் தண்ணீரைப் பிடித்துவைத்தன. ஆறு திசை மாறவும் நாளாயிற்று. எந்த வருடம் எதுவரை ஏறியது என்று ஒரு மீனவர் தூணில் கை வைத்துக் காட்டினார். வெள்ளம் குறைந்தால் மீனும் குறையும், அவர்களுக்கு அதுதான் சோறு.

ஈசூனிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, நான் வியட்நாம் பக்கத்தைச் சொல்கிறேன். கான் தோ நகரத்துக் காய் ராங் மிதக்கும் சந்தையில் படகுக்காரர்கள் விற்கும் சரக்கை நீண்ட கழியில் கட்டித் தொங்கவிடுவார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசி. தென்னோலை தொங்கினால் படகே விற்பனைக்கு என்று அர்த்தம். நான் போன அன்று ஒரு படகில் ஓலை தொங்கியது. கணவன் மனைவி இருவரும் அதிலேயே குடித்தனம் நடத்தியவர்கள். இப்போது லாரியில் சரக்கு நேராகக் கடைக்கே போய்விடுகிறதாம், மகனுக்கும் கரையில் பள்ளிக்கூடமாம். நல்ல விலை கிடைத்தால் போதும் என்றார் அந்த அம்மா.

படகின் முன்பக்கம் வரைந்திருந்த கண்கள் தெரியும்படி மூன்று பேரையும் நிற்க வைத்து எடுத்தேன். ஸாலோவில் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் அந்தச் செயலி இல்லை; அங்கேயே இறக்கி, அவர்கள் போனில் படம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கரைக்குத் திரும்பினேன். அண்ணா, அந்தப் பிரிண்டர் எந்த மாடல்? பெனின்சுலா கேமராக் கடைகள் பக்கம் கிடைக்குமா?